இரண்டாவது வகை

முதல் கவளத்தைச் செல்லப்பாண்டி நாய்க்குப் போட்டார். அது தின்று முடித்து வாலாட்டும்வரை காத்திருந்துவிட்டுத்தான் இலையில் கை வைத்தார். மாலை போட்டவர் காக்காய்க்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவது வழக்கம். பத்து நாளாக அந்தக் கவளம் நாய்க்குப் போகிறது.

மருமகள் தேவயானி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சமைத்துப் போடுகிறவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

எல்லாம் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையால் வந்த வினை. கால் மரத்துப்போகிறது என்று, குமுளியில் ஏலக்காய்க் கொள்முதல் முடித்த கையோடு தேனியில் டாக்டர் ஜேசுராஜைப் பார்க்கப் போயிருந்தார் செல்லப்பாண்டி. வாயில் மென்றுகொண்டிருந்த ஏலக்காயை வாசலில் துப்பிவிட்டு, குமுளியிலிருந்து நேரே வருவதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று டாக்டர் கேட்டதும், வீட்டிலிருந்து நேரே அங்கே வந்து சேர்ந்திருந்த மனைவி சங்கிலியம்மாள் முந்திக்கொண்டாள்.

"மலைக்கு மாலை போட்டிருக்காக சார். இது பதினெட்டாவது வருசம். எம் மருமக குளிச்சிட்டு ஆக்குற பருப்புஞ் சோறுந்தான்."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. கழுத்தில் துளசி மாலை தொங்கும்போது யார்தான் கேட்பார்கள்?

பரிசோதனையில் ஆர்சனிக் இருந்தது, அதுவும் ஏகத்துக்கு. அதே சாம்பிளை மேல் சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் பொறுக்கச் சொன்னார் டாக்டர். செல்லப்பாண்டியா பொறுப்பார்? ஆர்சனிக் என்றால் எலி மருந்து என்று கம்பத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"டீச்சர் வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேன்ல, அந்த வஞ்சத்துல சோத்துல வெசத்தப் போட்டுட்டா" என்று தெருவையே கூட்டினார். சென்னைத் தாள் வந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான் என்றார். மகன் தமிழ்மாறன் அப்பாவுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆனாலும் அவள் சமையலைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. விரதத்துக்கு ஓட்டல் சோறு ஆகாது. சங்கிலியம்மாளுக்கோ முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியாது. அதனால்தான் நாய்க்கு அந்த யோகம்.

சென்னைத் தாள் வந்த அன்று மதியம் நால்வரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தேவயானி துணிமணிகளைப் பையில் போட்டு எடுத்தே வந்திருந்தாள். ஸ்டேஷனோ, அம்மா வீடோ, எதுவானாலும் திரும்பி அந்த வீட்டுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆர்சனிக்ல பல வகை இருக்கு" என்றார் டாக்டர். "ஒரு வகை ஆளக் கொல்ற வெசம். இன்னொரு வகை சாப்பாட்டுல வர்றது. அது ஒண்ணும் செய்யாது, ரெண்டு மூணு நாள்ல ஒண்ணுக்கோட போயிரும். மொத டெஸ்ட்டுல ரெண்டும் சேந்துதான் தெரியும். இப்பச் சென்னையில வகை பிரிச்சுப் பாத்துருக்காக. பூராவும் ரெண்டாவது வகைதான். கால் மரத்தது சர்க்கரையினால."

தேவயானி வாய்விட்டு அழுதாள். பத்து நாள் அழுகை அது. சங்கிலியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய மன்னிச்சிரு ஆத்தா" என்றாள்.

செல்லப்பாண்டிக்கு மட்டும் ஆறவில்லை.

"அந்த ரெண்டாவது வகை மட்டும் தானா வந்துருச்சா? மாலை போட்டதுல இருந்து வீட்டுச் சோத்தத் தவிர வெளிய பச்சத் தண்ணி குடிக்கல நானு! இவதான் என்னத்தையோ கலந்திருக்கா. அது எதுல இருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க சார்!"

டாக்டர் தாளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அந்தத் துளசி மாலையைப் பார்த்தார்.

"கடல் மீன் தின்னாத்தான் இது இம்புட்டு ஏறும். குமுளியில சாப்பிட்டது மத்தியா சாமி, எறாலா?"