தண்ணிப் பால்

"யாரு பாலை யாரு குடிச்சதுன்னு சொல்லக்கூடாதுங்க. அது இங்க ரூலு."

நர்ஸ் ஜெசிந்தா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள். மேஜைக்கு எதிரே கிருஷ்ணவேணி பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒலக்கூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனத்தில் மாறி, விழுப்புரத்துக்கு வந்திருந்தாள்.

"பேரு வேணாம் சிஸ்டர். ஊரு கூட வேணாம். எம் பாலக் குடிச்ச கொழந்த நல்லா இருக்குதான்னு மட்டும் சொன்னா போதும்."

"ஆறு வருஷம் ஆயிடுச்சேக்கா. இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்க ஊரு ஹெல்த் நர்ஸு சொல்லிச்சி. குறைமாசத்துல பொறந்து, பால் பேங்க்ல பால் குடிச்ச புள்ளைங்கள இன்னிக்கி இங்க வரவெச்சி இதயத்தப் பாக்கறாங்கன்னு. அதான் வந்தேன்."

ஆறு வருடங்களுக்கு முன் இதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இதயத்தில் கோளாறு என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டது. பால் மட்டும் நிற்கவில்லை. மாரில் கட்டிக்கொண்டு வலித்தது. தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கிறாயா என்று ஒரு டாக்டரம்மா கேட்டபோது தலையாட்டினாள். நாற்பது நாள், வெறும் மடியோடு பஸ்ஸில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன கணவன் பெரியதம்பி, பொங்கலுக்குத்தான் தலைகாட்டுவான். ஊரில் வளைகாப்பு, பேர் வைக்கிற விசேஷம் எதற்கும் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்குக் களை எடுக்கும்போதுகூட அவள் பக்கம் பேச்சு வராது.

"எம் மாமியா ஒண்ணு சொல்லுச்சி சிஸ்டர்." கிருஷ்ணவேணியின் குரல் இறங்கியது. "உம் பாலு தண்ணிப் பாலு, அதுல கொழுப்பே இல்ல, அதக் குடிச்சித்தான் புள்ளைக்கு நெஞ்சு நின்னுபோச்சின்னு. சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்துச்சி. அந்தப் பாலத்தான நான் இன்னொரு புள்ளைக்கும் குடுத்தேன்? அதுக்கும் எதனா ஆயிருந்தா?"

ஜெசிந்தாவின் விரல்கள் நின்றன. ஏதோ சொல்ல வந்தவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உக்காருங்கக்கா. டீ சொல்றேன்."

கிருஷ்ணவேணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பரிசோதனைக்கு வந்திருந்த ஒவ்வொரு பிள்ளையோடும் ஓர் ஆள் இருந்தார். ஓடுகிற பிள்ளை, அழுகிற பிள்ளை, பிஸ்கட் கேட்கிற பிள்ளை. இதுவா, இதுவா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"உங்க புள்ள எங்கங்க?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"உள்ள இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு ஜெசிந்தா எழுந்து வந்தாள்.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்றீங்களா? உள்ள ஒரு பொண்ணு தனியாப் படுத்துக்கினு இருக்கா. அவங்கம்மாவுக்கு டூட்டி. ஸ்கேன் மெஷினப் பாத்து பயப்படுறா. கொஞ்ச நேரம் கையப் புடிச்சிக்கினு இருங்க."

ஸ்கூல் யூனிபார்மில் ஒரு சிறுமி, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தாள். கிருஷ்ணவேணி அவள் கையைத் தொட்டாள்.

"ஊசி போடுவாங்களா ஆன்ட்டி?"

"இல்ல கண்ணு. போட்டோ புடிக்கிற மாதிரிதான்."

"உங்களுக்கு எடுத்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்?"

சிறுமி அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் கையை யாராவது இப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

சிறுமியின் இதயத்தை ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த டாக்டர் சீனுவாசன் திரையைக் காட்டினார். "பாருங்கம்மா, எவ்ளோ அழகா அடிக்குது. ஏழாம் மாசத்துல, ஒரு கிலோ எடையில பொறந்த புள்ள இது."

"பாலுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா சார்?"

"இருக்கிற மாதிரிதான் தெரியுது. குறைமாசத்துல பொறந்தாலும் தாய்ப்பால் குடிச்ச பசங்களுக்கு இதயம் நல்லா வளருது. பாலுல இருக்கிற கொழுப்பு காரணமா, வேற ஏதாவதான்னுதான் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"பாலு தண்ணியா இருந்தா?"

"எல்லாருக்கும் முதல்ல தண்ணியாத்தாம்மா வரும். கொடுக்கக் கொடுக்கத்தான் கொழுப்பு கூடும். அதைப் பார்த்து சத்தில்லைன்னு சொல்லக்கூடாது."

"பொறக்கும்போதே இதயத்துல கோளாறுன்னா சார்?"

"அது வயித்துல இருக்கும்போதே வர்றது. பாலு என்ன பண்ணும்?"

கிருஷ்ணவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருடம் காத்திருந்தாள். ஆனாலும், எங்கேயோ இருக்கிற அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறதா என்பது தெரியாமலேயேதான் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

சிறுமி கட்டிலிலிருந்து குதித்து வெளியே ஓடினாள். சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று கிருஷ்ணவேணியும் பின்னாலேயே வந்தாள்.

சிறுமி நேராக மேஜைக்குப் போய் ஜெசிந்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, வலிக்கவே இல்ல."

கிருஷ்ணவேணி கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஜெசிந்தா மகளின் தலையைத் தடவியபடி நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ரிஜிஸ்டர்ல பாத்தத நர்ஸா இருந்துக்கினு நான் சொல்லக்கூடாதுக்கா. ஆனா அன்னிக்கி இதே ஆஸ்பத்திரியில, மாருல ஒரு சொட்டுப் பாலு இல்லாம படுத்துக்கினு இருந்தவ நானு. நாப்பது நாளும் இவ குடிச்சது உங்க பாலுதான்."