ஒரே மூச்சில் ஒரு வசனம்

"திரும்பச் சொல்லு குஞ்சு. ஒரே மூச்சில சொல்லவேணும்."

ஏழு வயது நிரோஜினி அம்மாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"மகே நம நிரோஜினி, அப்பே கெதர..." அந்த இடத்தில் நின்று ஒரு மூச்சை இழுத்தாள். "...வெள்ளவத்தே, தாத்தா வெட கரன்னே..." இன்னொரு மூச்சு. "...கொடுவே."

"கண்டீங்களே? ரெண்டு இடத்தில நிக்கிறாள்," என்றாள் ஜெகதீஸ்வரி புருசனிடம்.

என் பெயர் இது, வீடு வெள்ளவத்தையில், தாத்தா என்றால் அப்பா, அவருக்குக் கோட்டையில் வேலை. சென்றிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்தால் சொல்ல வேண்டுமே என்று சிவபாலன் பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து மகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்த சிங்களம்தான் அது. ஜெகதீஸ்வரி இப்போது அதைப் பிள்ளையின் ஆஸ்துமாவைச் சோதிக்கவும் பாவிக்கத் தொடங்கியிருந்தாள்.

பிழை அவளிலும் இல்லை. போன மாசம் பிள்ளைக்கு இழுப்பு வந்தபோது நஸீறா டொக்டர் சொல்லித்தான் விட்டவர். ஒரு வசனத்தை முழுசாகச் சொல்ல ஏலாமல் மூச்சு வாங்கினாலோ, விலாவில் தோல் குழிவிழுந்து இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிசமும் சுணங்காமல் கொண்டுவர வேண்டும் என்று.

சிவபாலன் மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். விலா குழிவிழவில்லை. உதடு நல்ல சிவப்பு. அது ஜாம்.

"இஞ்சேரும், அவளுக்குச் சிங்களம் வராமல் நிக்கிறாள். மூச்சு வராமல் இல்லை. உமக்குப் பிள்ளை தும்மினாலும் டொக்டர், விக்கினாலும் டொக்டர்."

"டொக்டர் சொன்னதைத்தான் நான் சொல்லுறன்."

"அப்ப கூட்டிக்கொண்டு போமன். எப்பவும் நீர்தானே போறனீர்?"

"இண்டைக்கு நீங்கள் போங்கோ. பைப்பில தண்ணி வாற நேரம், நான் பிடிக்காட்டி பின்னேரம் வரைக்கும் ஒருத்தரும் குளிக்க ஏலாது."

"எனக்கு லீவு இல்லையப்பா."

"சரி, போகாதேங்கோ. பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டா பிறகு என்னைக் கேக்காதேங்கோ."

சிவபாலன் சப்பாத்தைப் போட்டான்.

பெருந்தெருவான காலி வீதியின் சந்தியில் சென்றி. ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்தான்.

"பபாட ஹதிய, மஹத்தயா," என்றான் சிவபாலன். பிள்ளைக்கு இழுப்பு என்று.

ஆமிக்காரன் பிள்ளையைக் குனிந்து பார்த்தான். பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு தொடங்கிவிட்டாள். "மகே நம நிரோஜினி, அப்பே கெதர..." மூச்சு. "...வெள்ளவத்தே, தாத்தா வெட கரன்னே..." மூச்சு.

"ஹொந்தய், ஹொந்தய். யன்ன," என்று அவன் சிரித்துக்கொண்டு வழிவிட்டான்.

சிவபாலனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே இரண்டு இடம், அதே மாதிரி மூச்சு. போன மாசம் இந்தச் சின்ன நெஞ்சு கிடந்து அடித்த அடி கண்ணுக்குள் வந்தது. மனுசி சொன்னது சரிதானோ? லீவு, அதைத் தராத ஹெட் கிளாக்கர் எல்லாம் மறந்து போச்சு. பயம் பிடித்துவிட்டது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று நடந்து, டிஸ்பென்சரியின் இருபத்திரண்டு படியையும் ஏறினான்.

நஸீறா டொக்டர் பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து ஆறுதலாகக் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. ஒரு சத்தமும் இல்ல."

"இல்லை டொக்டர்... சென்றியில சொல்லுற சிங்களம்... ஒரு வசனம்... முழுசாச் சொல்ல..."

"யாருக்கு ஏலாது?"

"பிள்ளைக்கு."

டொக்டர் அவனை ஒருதரம் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் திரும்பினார்.

"மகள், வீட்டில அப்பா என்னத்துக்கெல்லாம் ஏசுவார்?"

"பேப்பர் படிக்கேக்க கதைச்சா ஏசுவார் கதவு சாத்தாட்டி ஏசுவார் பென்சில் சப்பினா ஏசுவார் ஆனா தேத்தண்ணிக்கு அவர் நாலு கரண்டி சீனி போடுறதை அம்மாட்டச் சொல்லாம இருக்க எனக்கு டொபி வாங்கித் தருவார்."

ஒரே மூச்சு. நடுவில் ஒரு கொமா கூட இல்லை.

"இந்த வாய்க்கு இழுப்பு வந்தா இழுப்புக்குத்தான் கஷ்டம்," என்றார் டொக்டர். "அப்ப அந்தச் சிங்களத்த மட்டும் ஏன் நிண்டு நிண்டு சொல்றீங்க?"

நிரோஜினிக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது.

"அப்பா அப்பிடித்தான் நிண்டு நிண்டு சொல்லித் தந்தவர். அந்த ரெண்டு இடத்திலயும் மூச்சு எடுக்கவேணும்."

டொக்டரின் காதில் சிவபாலனின் மூச்சு விழுந்தது. படியேறி வந்து பத்து நிமிசமாகியும் அது இன்னும் அடங்கவில்லை.

"சேர்ட் பட்டனக் கழட்டுங்க," என்றார் டொக்டர்.

"எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். இந்தப் படி... பஸ் புகை..."

டொக்டர் குழாயை அவன் நெஞ்சில் வைத்தார். முகம் மாறியது.

"உள்ளுக்குக் கச்சேரியே நடக்குது. எத்தின மாசமா இப்படி?"

சிவபாலன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான்.

"சரி, ஆஸ்துமாதான், பயப்பட வேணாம். மருந்து தாறன். ஆனா இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா உங்களத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க."

"நான் பிள்ளையைக் காட்ட நம்பர் எடுக்கத்தான் டொக்டர் வந்தனான்..."

"நம்பர் காலையிலேயே போட்டாச்சு. உங்கட மிஸிஸ் கோல் எடுத்தாங்க," என்று டொக்டர் மேசையில் கிடந்த துண்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். சிவபாலன், வயது முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தது. "தனக்கு எண்டா மனுசன் செத்தாலும் வராது, பிள்ளையச் சாட்டித்தான் அனுப்புறன், விட்டிடாதேங்கோ எண்டு சொன்னாங்க."