மூன்று பேருக்கான கணப்பு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. போர்வையை ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கதைதான். கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுவில் குளிர்காயும் அடுப்பு இல்லை.

சிவப்புத் தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது.

அவள் விரலிடுக்கில் இன்னும் எள் ஒட்டியிருந்தது. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிக் கரையில் கணவனுக்குத் திதி கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் கோத்தகிரிக்கு ஏறி வந்திருந்தாள்.

வருஷத்தில் அவள் வீட்டில் இல்லாத ஒரே நாள் அதுதான்.

அந்த அடுப்பு அவர் செய்தது. தேயிலை ஃபேக்டரியில் கழித்துப் போட்ட இரும்புத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, கால் கொடுத்து நிறுத்தியது. அவர் இறந்த பிறகு தம்பி சதாசிவம் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். தனியாகக் குளிரில் கிடக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடு அக்கா என்றான். அடுப்பு ஏறிய வண்டியில்தான் அவளும் ஏறினாள்.

பதினோரு குளிர்காலம்.

அடுப்புக்கு முன்னால் தம்பி, அவன் மனைவி கோமளா, அவர்கள் மகள். பின்னால், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், அவளுடைய பாய்.

முதுகுப் பக்கம் என்று அந்த வீட்டில் அதற்குப் பெயர். இரும்புக்கு முன் என்ன, பின் என்ன? எல்லாப் பக்கமும் ஒரே சூடு.

இப்போது, வெகுநாளாகச் சும்மா கிடந்த சுவர்க் கணப்பின் குழிக்குள் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே நெருப்பு, டி.வி. மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முகம் மட்டும்தான். முதுகு சுவருக்குள் போய்விட்டது.

எதிரே மூன்று நாற்காலிகள்.

விறகு பாதி போதுமாம். வீட்டுக்குள் புகையே வராதாம். பழையது கொட்டகையில் பத்திரமாக இருக்கிறதாம். சதாசிவம் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். கோமளா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

இரண்டு வாரம் முன்பு ஒருவர் டேப் பிடித்து அந்தக் குழியை அளந்துபோனது அவளுக்குத் தெரியும். சுவரிலும் ஒரு நெருப்பு இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள். ஒரு புகைபோக்கிக்கு ஒரு நெருப்புதான், புதியது வந்தால் பழையது வெளியே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அளந்தவர் கேட்டார், எத்தனை பேர் உட்காருவீர்கள் என்று. டீத்தட்டோடு அவள் கதவருகே நின்றிருந்தாள்.

மூணு பேர் என்றான் தம்பி.

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பாட்டுக்கு இலை எண்ணிப் போடச் சொன்னால் தன் இலையை விட்டுவிடுவான். அவள்தான் தன் இலையைப் பாதியாகக் கிழித்துக் கொடுப்பாள்.

சதாசிவம் நடு நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஒரு பக்கம் கோமளா வந்து உட்கார்ந்தாள். மறுபக்கம் மகள்.

அவள் எண்ணிப் பார்த்தாள்.

கணக்கு சரியாக இருந்தது.

"அன்னைக்கு மூணு பேர்னு சொன்னியே. உன்ன எண்ணாம விட்டுட்டியோன்னு நெனச்சேன் தம்பி."

பெட்டிக்குள் ஒரு விறகு சரிந்தது. அதன் சத்தம்கூட வெளியே வரவில்லை.

மறுநாள் காலை, சதாசிவம் கொல்லைக் கதவைத் திறந்தான்.

கொட்டகையின் ஜன்னல் வழியாகத் தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. புகை பனியோடு கலந்து மெல்ல ஏறியது.

உள்ளே அடுப்பு நான்கு காலில் நின்றது. முதுகுப் பக்கம் அவள் பாய். பாயில் அவள்.

முன்பக்கம் பலகை போட்டிருந்தாள்.

மூன்று பலகை.

அவன் வாசலிலேயே நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு நெருப்பு எந்தப் பெட்டிக்குள் எரிந்தாலும் நன்றாக எரியட்டும். அங்கே யார் எண்ணினாலும், ஒரு தலை குறையாமல் இருக்கட்டும்.