ஜன்னலோரக் கட்டில்

குளுக்கோஸ் குழாய் பெரியவரின் கைக்குப் போகவில்லை. போர்வைக்கு அடியில் நுழைந்து, கட்டிலின் மறுபக்கம் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே இருந்த பெயின்ட் வாளிக்குள் போனது. வாளியில் ஒரு மல்லிகைச் செடி இருந்தது.

இளஞ்செழியன் போனை எடுத்து மூன்று போட்டோ பிடித்தார்.

மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் ஆய்வு அதிகாரி அவர். திண்டுக்கல்லில் எந்த நர்சிங் ஹோமில் எந்தப் பில் பொய் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இன்று அவர் வந்தது கால் முறிந்த வேறொருவரைப் பார்க்க. பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மாடியின் கடைசி அறை திறந்திருந்தது. கட்டிலில் தொங்கிய சீட்டில் பெருமாள்சாமி என்று பார்த்ததும் நின்றுவிட்டார்.

மறக்கக்கூடிய பெயரா அது? ஈரலில் புற்றுநோய். இனி மருந்தால் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டரே எழுதியிருந்தார். சிகிச்சைக்குத்தான் பாலிசி, சும்மா படுத்திருக்க அல்ல என்று இரண்டு வாரத்துக்கு முன் அனுமதியை நிறுத்தியது இளஞ்செழியன்தான். விதி அப்படி. அவர் என்ன செய்வார்?

ஆனால் ஆள் இன்னும் இங்கேயே இருக்கிறார். பாட்டிலும் தொங்குகிறது. சிகிச்சை நடக்கிறது என்று காட்டி, வேறு யார் பெயரிலோ பில் போடுகிறார்கள். ஒரு ரிப்போர்ட் போதும், இந்த நர்சிங் ஹோமைக் கம்பெனி லிஸ்டிலிருந்தே தூக்கிவிடலாம்.

அறை மட்டும் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் இருந்தது. மதிய வெயில் பச்சைத் திரையில் வடிந்து, சுவர், கட்டில், பெரியவர் முகம் எல்லாம் கிணற்றுக்குள் இருப்பதுபோல் தெரிந்தன. வாளியில் சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. நின்றபடியே இளஞ்செழியனுக்குக் கண் செருகியது.

பெரியவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ஏப்பு, தண்ணி பாயுதா?"

"பாயுதுய்யா. நீங்க தூங்குங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நர்ஸ் சபிஹா.

பெரியவர் லேசாகச் சிரித்தார். மறுபடி தன் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இளஞ்செழியன் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, போட்டோவைக் காட்டினார். அவள் பதறவில்லை. பெரியவருக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டம் இருந்ததாம். செடிக்குச் செடி சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தாராம். இங்கே வந்து நினைவு மங்கியதும், தலைக்கு மேலே சொட்டுவதைத் தோட்டத்துத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். டாக்டர் குளுக்கோஸை நிறுத்திய அன்றிலிருந்து, செடி காயுது, மோட்டாரைப் போடு என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். தூக்கமே இல்லை. அதனால் காலி பாட்டிலின் தலையை வெட்டி, போர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஃபைலில் மகள் பெயர் இருந்ததே, அவள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே என்றார் இளஞ்செழியன்.

"சண்முகவள்ளி அக்கா மில்லுக்குப் போறவங்க சார். வாடகை வீடு. வீட்டுல சாவு விழக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு. அப்பாவத் தூக்கிட்டு எங்க போவாங்க?"

இளஞ்செழியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். போன வருஷம் தன் மாடிக்குக் குடிவந்தவரிடம், வயசானவங்களை அழைச்சிட்டு வராதீங்க என்று அவரும்தான் சொல்லியிருந்தார். காரணத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருந்தாலும் வேலை வேலைதானே.

"பாவம்தாம்மா. அதுக்காக எங்க தலையில கட்டுவீங்களா? இந்த பெட் யார் பேர்ல ஓடுது?"

"யார் பேர்லயும் ஓடல சார். இது பேஷண்ட் கட்டிலே இல்ல."

சபிஹா அறைக் கதவை லேசாக இழுத்துக் காட்டினாள். கதவில் சின்னதாக ஒரு பலகை. செவிலியர் ஓய்வு அறை.

"நைட் டூட்டியில நாங்க செத்த நேரம் படுக்குற ரூம். நாலு பேரும் பேசிக்கிட்டு டாக்டர்கிட்ட கேட்டோம், சரின்னுட்டாரு. எங்களுக்கு சேர் போதும் சார்."

வாசனையிலேயே பில்லைப் பிடிப்பவர் அந்தப் பலகையை இரண்டு முறை படித்தார்.

கீழே யாரோ கூப்பிட, சபிஹா இறங்கிப் போனாள். இளஞ்செழியன் மூன்று போட்டோவையும் அழித்தார். பிறகும் கிளம்பத் தோன்றவில்லை. திரை அசைந்தது. வெயில் கட்டிலைவிட்டு மல்லிகைச் செடிக்கு நகர்ந்திருந்தது. சொட்டுச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

பெரியவர் கை போர்வைக்கு மேலே தடவியது. "ஏப்பு, தண்ணி நின்னுபோச்சா?"

இளஞ்செழியன் வாசலைப் பார்த்தார். பதில் சொல்ல யாரும் வரவில்லை. தோள்பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். எக்கி நின்று, தலை வெட்டிய குளுக்கோஸ் பாட்டிலில் சிந்தாமல் ஊற்றினார். சொட்டு மறுபடி விழ ஆரம்பித்தது.

"கடைசிச் செடி வரைக்கும் பாஞ்சிருச்சுய்யா. நான் பாத்துட்டுத்தான் நிக்கிறேன்."