பிள்ளை வளர்க்கிற லட்சணம்

“நீலா, என் புள்ளய செத்த பாத்துக்கம்மா. தெருவுல தறிக்கு நூல் பாவு நீட்டிக்கினு இருக்காங்க, ஒரு கை கொறையுதாம்.”

சொல்லிக்கொண்டே உள்ளே வந்த பக்கத்து வீட்டு ஜெயம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோளில் கிடந்த கைக்குழந்தையைப் பாயில் கிடத்தினாள்.

நீலாம்பாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவளுக்கும் அந்தச் சுவருக்கும்தான் பேச்சுவார்த்தை. முன்பெல்லாம் அவள் தார் சுற்ற உட்கார்ந்தால் நூலோடு தெருக்கதை மொத்தமும் சுற்றி முடிந்துவிடும். இப்போது சோற்றைக்கூட யாராவது ஊட்டினால்தான் உண்டு. நடந்ததைப் பற்றி அவள் காதுபட யாரும் மூச்சுவிடக் கூடாது என்று புருஷன் தணிகாசலம் வீடுவீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது வரை விசாரிக்கும் தெரு, இந்த ஒரு விஷயத்தில் வாயைக் கட்டிக்கொண்டது. பழைய நீலாம்பாள் எழுந்து வந்தால் போதும், அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

“வேணாங்க்கா,” என்றாள் நீலாம்பாள், சுவரிடமே. “எங்கிட்ட உட்டா அதுக்கு ஏதாவது ஆயிடும். எனக்கு பயமா இருக்குது.”

“அப்படி எதுனா ஆனா நான் பாத்துக்கறேன். என் புள்ளதானே, உனக்கு இன்னா கவல? நீ பாட்டுக்கு பக்கத்துல படுத்திரு.”

ஜெயம்மாள் போய்விட்டாள். ஏற்கெனவே ஐந்து பேர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு இதுவும். பிள்ளை வளர்க்கிற லட்சணத்தையோ கேட்கவே வேண்டாம். நெற்றியில் வைத்த மை மூக்குக்குக் கீழே இறங்கி மீசையாகியிருக்கும். கட்டிவிட்ட துணி போகிற வழியிலேயே அவிழ்ந்துவிடும். பிள்ளை வீல் என்று கத்தினால், பாட்டு கற்றுக்கொள்கிறான், கத்தட்டும் என்பாள்.

முதல் நாள் நீலாம்பாள் திரும்பவே இல்லை. மறுநாள் பாயில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அதைத் தட்டிவிடத் திரும்பியவள் அந்த மீசையைப் பார்த்துவிட்டாள். போலீஸ்காரன் மாதிரி முறைத்துக்கொண்டு கிடந்தது பிள்ளை. கொஞ்சம் தயங்கி, முந்தானை நுனியால் மையைத் துடைத்தாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு விரலை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அதன்பிறகு ஜெயம்மாளிடம் குற்றம் கண்டுபிடிப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. தூளி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவிழ்த்துக் கட்டினாள். காதுக்குப் பின்னால் அழுக்கு என்று வெந்நீர் வைத்துத் தானே குளிப்பாட்டினாள். பாலாடையில் ஜெயம்மாள் ஊற்றிக் கொண்டுவந்த பால் சுடுகிறது என்று தணிகாசலத்திடம் போய்ப் புகார் சொன்னாள். அவங்க பிள்ளை, அவங்க பாடு, நமக்கென்ன என்று சொல்லிவிட்டு அவன் தறிக்குழிக்குள் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியதை அவள் கவனிக்கவில்லை.

அன்றைக்கும் காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஆளுக்கொரு பக்கம் இழை பிரித்துக்கொண்டிருக்க, ஓரமாக ஒரு மாம்பழக் கூடையில் பிள்ளை அம்மணமாகக் கிடந்தது. வெயில் ஏறி அதன் முகத்துக்கு வந்துவிட்டது. பிள்ளை அழுதது. ஜெயம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவளோடு புளி விலை பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து நீலாம்பாள் வாசலைத் தாண்டி வந்தாள். இத்தனை நாளில் அவள் வெளியே கால் வைத்தது அப்போதுதான். பிள்ளையை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஏன்க்கா, அஞ்சு பெத்தவதானே நீ? கைக்குழந்தைய இப்படியா வெயில்ல போடுவாங்க? இனிமே இத உங்கிட்ட தரமாட்டேன்.”

தெரு அப்படியே நின்றது. ஒரு முனையைப் பிடித்திருந்தவர் கை நழுவிப் பாவு தொய்ந்தது. வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

ஜெயம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “நல்லா இருக்குதும்மா உன் நாயம். என் புள்ளய சும்மா தூக்கிக்கினு பூடுவியா? வேணும்னா மொறையா தவிடு குடுத்து வாங்கிக்க.”

தவிடு கொடுத்து வாங்கிவிட்ட பிள்ளைக்கு அப்புறம் எவரும் உரிமை கேட்க முடியாது. அது ஊர் அறிந்த சட்டம். நீலாம்பாள் விடுவிடு என்று உள்ளே போனாள். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அள்ளி வந்து ஜெயம்மாள் முந்தானையில் கொட்டினாள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற புருஷனை, பிள்ளைக்குப் பால் வாங்கி வரத் துப்பில்லையா என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, பிள்ளையோடு வீட்டுக்குள் போனாள்.

தணிகாசலம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே அழுதான்.

“அழுவாதப்பா,” என்றாள் ஜெயம்மாள், சேலையில் ஒட்டிய தவிட்டை உதறிக்கொண்டே. “இந்தத் தெருவுல பொறந்த புள்ளைங்களுக்கெல்லாம் நாந்தான் குளிப்பாட்டி மை வெச்சேன். அத மீசை மாதிரி வெக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

பெற்று எடுத்து வந்த அன்றே, ‘இது எனக்கு வேணாம், எங்கனா தூக்கிக்கினு பூடுங்க’ என்று நீலாம்பாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்ட அந்தப் பிள்ளைக்கு, ஒரு முறம் தவிட்டில் அம்மா கிடைத்துவிட்டாள்.