புங்கமரத்துக்கு ஒரு பொட்டு

விடிந்ததிலிருந்தே பஸ் ஸ்டாப் கம்பத்துக்கு உதறல். டவுன் பஸ் எங்கெங்கே நிற்கலாம் என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம். அந்த ஊரிலோ யாரும் கம்பத்தடியில் நிற்பதில்லை. தள்ளியிருந்த புங்கமர நிழலில் நின்றுதான் பஸ்ஸுக்குக் கை காட்டுவார்கள்.

“என்னைப் பிடுங்கிடுவாங்க அண்ணே,” என்றது கம்பம்.

“ஆள் சேருற இடத்தைத்தானே தம்பி பார்ப்பாங்க,” என்று மரம் மிதப்பாகக் கிளையை ஆட்டியது.

வந்தவர்கள், “கூட்டமெல்லாம் இங்கதான் நிக்குது. நிழற்குடையை இங்கேயே கட்டிடலாம்,” என்று பேசிக்கொண்டு, மரத்தில் சிவப்பு பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

“எனக்குப் பொட்டு வச்சிருக்காங்க, பாத்தியா?”

கம்பம் பார்த்தது. அது முன்பு நின்ற மெயின் ரோட்டில், வெட்டுவதற்கு முந்தின நாள் மரங்களுக்கு இதே பொட்டுதான் வைத்தார்கள்.

“அழகா இருக்கு அண்ணே,” என்றது கம்பம்.