சந்திரநாதன் கொடுத்த பேட்டி

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கருத்தைக் கேட்கும் ஆராய்ச்சிக்காகச் சென்னையிலிருந்து கார் வந்ததும், சந்திரநாதன் பட்டுக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

வந்தவரை சோபாவில் உட்காரவைத்தார். கூட வந்த இளம்பெண் யார் முகத்தையும் பார்க்காமல், காதில் ஹெட்போனோடு, போனும் கையுமாக இருந்த மகன் ஜினேஷ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனைத் தட்டினாள். 'பாவம், இவர் வீட்டிலும் இப்படித்தான்போல' என்று நினைத்துக்கொண்டார்.

"பையனுக்குப் பேச்சு வராது சார். எதுன்னாலும் என்னைக் கேளுங்க" என்றவர், அவன் சாப்பாடு, தூக்கம், பயம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். வந்தவர் காபியைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

"ஒண்ணுமே எழுதிக்கலையே சார்?"

"நான் டிரைவருங்க. ஆராய்ச்சி பண்ற மேடம் அவங்கதான்."

சந்திரநாதன் மகனின் போனை எட்டிப் பார்த்தார்.

மேடம் கேட்டிருந்தார்: "உனக்கு எது கஷ்டம்?"

ஜினேஷ் எழுதியிருந்தான்: "அப்பா இப்ப பண்ணிக்கினு இருக்காரே, அதான்."